பலகைக்கு அடியில்

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் அறைக்கு ஒரு கணப்பு உண்டு. வெந்நீர்க் குழாய்க்கு வழி கிடையாது. 1967க்கும் 1977க்கும் இடையில் நாடு வடகடல் எரிவாயுவுக்கு மாறியபின், பாய்லரும் ரேடியேட்டரும் இவ்வீடுகளுக்குள் வேகமாகப் புகுந்தன.

முதலில் அறைதோறும் வெப்ப இழப்பு கணக்கிடப்படுகிறது. சுவர் 9 அங்குலக் கெட்டிச் செங்கல். நடுவே வெற்றிடம் இல்லாததால் வெப்பம் எளிதாக வெளியேறும். ஆகவே ரேடியேட்டர் பெரிதாகத்தான் வேண்டும். அதில் ஆதாயமும் உண்டு: பெரிய ரேடியேட்டருக்கு அவ்வளவு கொதிக்கும் நீர் தேவையில்லை. திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் இன்றைய பாய்லர், புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்கும்.

வேலை நாட்களில் பெரும்பங்கைத் தின்பது தரை. கீழ்த்தளத்தில் பிளம்பர் பலகைக்கு அடியிலுள்ள இடைவெளியில் ஊர்ந்து குழாய் இழுக்கிறார். அங்கே குளிர்காற்று ஓடுவதால் குழாய்க்கு உறை கட்டாயம். மாடியில் குழாய் உத்திரங்களைக் குறுக்கே கடக்க வேண்டும். அதற்கு உத்திரத்தின் மேல்விளிம்பில் காடி வெட்டுவார்கள். காடியின் ஆழம் உத்திர உயரத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. உத்திரம் 4 மீட்டர் என்றால், சுவரிலிருந்து 28 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டுமே வெட்டலாம். 7 அங்குல உத்திரத்தில் எட்டில் ஒரு பங்கு ஏறத்தாழ 22 மி.மீ.; முதன்மைக் குழாயின் விட்டமும் அதுவே. அடியில் கம்பளித் துண்டு வைக்கக்கூட இடமிருக்காது. எனவே அனுபவமுள்ளவர் 22 மி.மீ. குழாயை உத்திரங்களுக்கு இணையாகவே ஓட்டி, குறுக்கே போக 15 மி.மீ. குழாயைப் பயன்படுத்துகிறார். பலகையைப் பெயர்த்தால் பழைய வாயு விளக்குக் குழாயும், அதற்கு யாரோ தாராளமாக வெட்டிய காடியும் தென்படுவதுண்டு. அந்த உத்திரத்தை மேலும் வெட்டக்கூடாது.

கம்பளி ஆடம்பரமல்ல. 10 மீட்டர் செப்புக் குழாய் 50 டிகிரி சூடேறினால் சுமார் 8 மி.மீ. நீளும், மரத்தோடு உரசும் குழாய் இரவெல்லாம் ‘டிக் டிக்’ என்று தூக்கத்தைக் கெடுக்கும்.

எரிவாயு இணைப்பைத் தொட, 2009 முதல் நடப்பிலுள்ள ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இடம்பெற்றவருக்கே அனுமதி. பாய்லரில் சேரும் நீரை வடிக்கும் குழாய் வீட்டுக்குள்ளேயே போவது நல்லது. வெளியே போனால் கடுங்குளிரில் உறைந்து, சரியாகத் தேவைப்படும் நாளில் பாய்லர் நின்றுவிடும்.

பலகையை மூடுமுன் நீர் நிரப்பி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்க்கிறார்கள். பலகையை ஆணியால் அறையாமல் திருகாணியால் பொருத்துகிறார்கள்; சிலர் குழாய் ஓடும் தடத்தைப் பலகைமேல் பென்சிலால் வரைந்தும் வைக்கிறார்கள். பின் குழாய்களைக் கழுவி, துருத்தடுப்பு மருந்து சேர்க்கிறார்கள்.

கடைசி வேலை சமன்செய்தல். பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டரின் வால்வைக் கிட்டத்தட்ட மூடி, தூரத்திலுள்ளதை முழுக்கத் திறந்து, கடைக்கோடி அறையும் மற்றவற்றோடு சேர்ந்து சூடேறும் வரை சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.