பூனைக்கும் முதுமை உண்டு

பூனை நடமாடாத வீட்டைக் காண்பது எம்மவர் ஊர்களில் அரிது. எலித் தொல்லைக்காக வளர்ப்போர் உளர். பிள்ளைகளின் ஆசைக்காக வளர்ப்போர் உளர். தானாகவே வந்து படியேறிய பூனையை விரட்ட மனமின்றி வைத்துக்கொண்டோரும் உளர். ஆயினும், அந்தப் பூனை முதுமை எய்தும்போது அதன் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வன யாவை என்று எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே. இதில் வியப்பில்லை. தெருவிலே திரியும் பூனை முதுமை வரை வாழ்வது அரிது. வேளைக்கு உணவும், தடுப்பூசியும், இராத் தங்க இடமும் பெற்ற வீட்டுப் பூனைகளோ சில வேளைகளில் 15 ஆண்டுகளையும் கடந்து வாழ்கின்றன. 15 வயதுப் பூனையை மனித வயதோடு ஒப்பிடின், அது ஏறக்குறைய 75 வயது முதியவருக்கு நிகராகும்.

இத்தகைய முதிய பூனைகள் சிலவற்றிடம் புதியதொரு பழக்கம் தோன்றுவதுண்டு. வாழ்நாள் முழுவதும் அமைதியாக இருந்த பூனை, வீட்டார் உறங்கிய பின் எழுந்து நெடுங்குரலெடுத்துக் கத்தத் தொடங்கும். அடிவயிற்றிலிருந்து எழுந்து, இழுபட்டு, குழந்தையின் அழுகையோ என்று ஐயுறுமாறு அக்குரல் ஒலிக்கும். கேட்டோரிற் சிலர் சகுனப் பிழை என்பர். சிலர் பேயைக் கண்டு அழுகிறது என்பர். வேறு சிலர், செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்று தடியைத் தேடுவர். இவ்விளக்கங்களுள் எதுவும் பூனைக்கு உதவுவதன்று.

பூனையின் குரலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நன்று. குட்டி, தாயை அழைப்பதற்கு 'மியாவ்' என்று கத்துகின்றது. வளர்ந்த பூனைகள் தமக்குள் அக்குரலை அரிதாகவே பயன்படுத்தும். வாலாலும் காதாலும் மணத்தாலுமே அவை பேசிக்கொள்கின்றன. மனிதரோடு வாழும் பூனையோ அந்தக் குட்டிப் பருவக் குரலை எம்மிடம் பேசுவதற்கென வைத்துக்கொள்கின்றது. 1944 இல் அமெரிக்காவில் மில்ட்ரெட் மொயெல்க் என்னும் பெண்மணி, வீட்டுப் பூனையின் ஒலிகளைக் கூர்ந்து கேட்டு, அவற்றை 16 வகைகளாகப் பிரித்து எழுதினார். வாய் மூடியபடி எழும் ஒலிகள், வாய் திறந்து மெல்ல மூடும்போது எழும் ஒலிகள், வாயை இறுக்கித் திறந்தபடியே எழுப்பும் ஒலிகள் என மூன்று தொகுதிகளில் அவை அடங்கின. இவ்வளவு குரல்வளம் உடைய பிராணி முதுமையிலே புதிதாக ஒரு குரல் எழுப்புமாயின், அதைச் செய்தியாகக் கொண்டு பொருள் தேடுவதே முறை.

எமது வீட்டுப் பொன்னிக்கு 16 வயது நிறைந்த ஆண்டிலே நாமும் இக்குரலைக் கேட்டோம். இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், விறாந்தை மூலையிற் சுவரைப் பார்த்தபடி நின்று அவள் கத்துவாள். மூத்த மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அயலவரும் வேலிக்கு மேலால் முறையிட்டனர். வீட்டில் மூத்தவரான ஆச்சி, "இரவிலை பூனை அழுறது வீட்டுக்கு ஆகாது. சாக்கிலை கட்டிக்கொண்டு போய்ச் சந்தையடியிலை விட்டிட்டு வாங்கோ" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆச்சியின் சொல்லைத் தட்டும் வழக்கம் எமது வீட்டில் இல்லை. சின்ன மகள் மட்டும், "மிருக வைத்தியரிட்டைக் காட்டிப்போட்டு முடிவு செய்வம், ஆச்சி" என்று கெஞ்சினாள். ஒரு கிழமை தவணை கிடைத்தது. அந்த ஏழு நாளும், பொன்னி கத்திய நேரம், தின்ற அளவு, தண்ணீர் குடித்த தடவை ஆகிய யாவற்றையும் அவள் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தாள்.

அந்தக் கொப்பியைப் படித்த வைத்தியர், தமது வேலையிற் பாதி முடிந்துவிட்டதென்று அவளைப் பாராட்டினார். பின்னர், இத்தகைய கத்தலுக்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக எமக்கு விளக்கினார்.

முதலாவது, கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரத்தல். இந்நோய் கண்ட பூனை நன்றாகத் தின்றும் மெலியும், ஓரிடத்தில் அமைதியாக இராது, அதன் இதயம் விரைந்து அடிக்கும், இரவிற் கத்தும். பூனைகளுக்கு இந்நோய் உண்டென்பது 1979 இலேதான் நியூயோர்க் நகரில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று முதிய பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்களுள் அதுவும் ஒன்று. மருந்தினால் அதைக் கட்டுப்படுத்தலாம்.

இரண்டாவது, சிறுநீரகத் தளர்ச்சியும் உயர் இரத்த அமுக்கமும். இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவன. மேல் அமுக்கம் 160 இற்கு மேல் நிலைத்து நிற்குமாயின் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்துண்டு. விழித்திரை கழன்று, பூனை திடீரெனப் பார்வையை இழப்பதும் உண்டு. மூன்றாவது, செவிப்புலன் குன்றுதல். தன் குரல் தனக்கே கேளாத பூனை உரத்துக் கத்தும். நான்காவது, மூட்டு நோய். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்-றே படங்களை ஆராய்ந்து 2002 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், 90 பூனைகளின் மூட்டுகள் தேய்ந்திருந்தமை தெரியவந்தது. பூனை தன் வலியை மறைக்க வல்லது. ஆதலால், அது மதிலேறாமல் விட்டதை நாம் சோம்பல் என்று எண்ணிவிடுகிறோம்.

ஐந்தாவது, அறிவு மங்குதல். மனிதருக்கு முதுமையில் வரும் மறதி நோய் போன்றதொன்று பூனைக்கும் வருகின்றது. அல்ஸைமர் நோயாளரின் மூளையிற் படியும் அதே வகைப் புரதம் முதிய பூனைகளின் மூளையிலும் படிந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். 11 முதல் 14 வயது வரையுள்ள பூனைகளுள் நூற்றுக்கு 28 பங்கினவும், 15 வயதைக் கடந்தவற்றுள் ஏறக்குறைய அரைவாசியும் இதற்குரிய அறிகுறிகளுள் ஒன்றையேனும் காட்டுவதாக 2007 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்று கூறுகின்றது. பழகிய வீட்டிலேயே வழி தவறுதல், சுவரைப் பார்த்து நிற்றல், பகலில் உறங்கி இரவில் அலைதல், காரணமின்றிக் கத்துதல் ஆகியவை அவ்வறிகுறிகள். ஆனால் ஏனைய நோய்கள் இல்லையென்று தெளிந்த பின்னரே இம்முடிவுக்கு வரவேண்டும் என்றார் வைத்தியர்.

பொன்னியின் முன்காலிற் சிறு பட்டியைச் சுற்றி அமுக்கத்தை அளந்தார், இரத்தமும் எடுத்தார். தைரொயிட்டிற் குறையில்லை. இரத்த அமுக்கம் மிகுந்திருந்தது, சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார். பொன்னி திரும்பியும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவற்றையெல்லாம் நாம் ஆச்சியின் காதருகே உரத்துச் சொன்னோம். ஆச்சி சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்ப அதுக்கும் என்னைப் போலக் காது மந்தமோ? இருட்டிலை ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சுக் கூப்பிடுது போலை. கிடக்கட்டும், விடுங்கோ" என்றார். சந்தையடிப் பேச்சு அன்றோடு முடிந்தது.

நாள்தோறும் ஒரு சிறு துண்டு மாத்திரையை மீனில் மறைத்துக் கொடுத்தோம். சில கிழமைகளிற் கத்தல் பெரிதும் குறைந்தது. முற்றாக நின்றதென்று சொல்ல இயலாது. எஞ்சியது முதுமைக்குரியது. இரவில் உறக்கம் குறைந்தவரான ஆச்சியே, பொன்னியின் குரல் எழும்போது கட்டிலிலிருந்து கையை நீட்டி அவள் முதுகைத் தடவுவார். கேளாத செவிக்கு அந்தக் கையே மொழியாயிற்று. அதன் பின் இரண்டு மாரிகாலம் பொன்னி எம்மோடு இருந்தாள்.

முதிய பூனை உள்ள வீட்டார் சில காரியங்களைக் கவனித்தல் நலம். இரவில் மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். உணவுக் கோப்பை, தண்ணீர்ச் சட்டி, மலசலத்துக்கான மண் தட்டு ஆகியவற்றை இடம் மாற்ற வேண்டாம். தட்டின் விளிம்பு தாழ்வாக இருந்தால், நோகும் கால்களுக்கு எளிதாகும். மாலையிற் சிறிது விளையாட்டும் படுக்கைக்கு முன் சிறிது உணவும் கொடுத்தால், இரவு உறக்கம் வருவதற்கு அவை துணைபுரியும். கத்தும் பூனையை அடிப்பதாற் பயனில்லை. அச்சம் மிகுந்து கத்தலும் மிகும். மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மனிதர் உண்ணும் பரசிற்றமோல் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுத்தலாகாது; ஒரேயொரு மாத்திரையே அதன் உயிரைப் போக்கிவிடும். புதிதாகக் கத்தத் தொடங்கிய பூனையை, காலந் தாழ்த்தாது மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

விலங்கியல் கற்கும் மாணவர்கள், தங்கள் வீட்டுப் பூனையின் பழக்கங்களை ஒரு கொப்பியிற் குறித்துப் பழகலாம். அதற்குப் பணச் செலவில்லை. பொறுமை ஒன்றே வேண்டும். கத்தலை எவ்வாறு நிறுத்துவது என்று கேட்பதற்கு முன், அது ஏன் கத்துகின்றது என்று கேட்கும் பழக்கம் ஒரு வீட்டிலே வேரூன்றுமாயின், அதன் பயன் பூனையோடு மட்டும் நின்றுவிடாது. கேட்டதையே மறுபடி கேட்கும் பாட்டனாரும், நள்ளிரவில் எழுந்து பெயர் சொல்லி அழைக்கும் பாட்டியாரும் எம்மவர் வீடுகள் பலவற்றில் இருக்கின்றனர் அல்லரோ?