பொடியன்மாருக்கு ஏறாத இலக்கம்

கற்பிட்டியில் ஒரு மீனவர் சங்கத்துக் கணினியில் பழைய அங்கத்தவர்களின் விவரமெல்லாம் சிக்கலின்றி ஏறியது. களப்பில் புதிதாக வள்ளம் விடத் தொடங்கிய இளையவர்களைத்தான் அது ஏற்கவில்லை. எழுத்துத் தரவு வெட்டுப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். எந்தத் தரவு, எந்த இடத்தில் என்று ஒன்றுமிராது. "பொடியன்மாரோட இதுக்கு என்ன கோவம் தம்பி?" என்று கேட்டார் எழுதுவினைஞர்.

பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கும் அட்டையில் 12 இலக்கம். தரவுத்தளத்தில் ஒதுக்கியிருந்ததோ 10 இடம். எழுதுவினைஞர் தாமாகவே ஒரு வழி கண்டிருந்தார்: இளையவர்களின் இலக்கத்தில் முன்னால் வரும் 20ஐ விட்டுவிட்டுப் பதிவது. கச்சிதமாக ஏறிவிடும், ஆனால் அப்படி ஓர் அடையாள அட்டை இலக்கம் நாட்டில் எவருக்கும் கிடையாது. விளங்காத பிழைச்செய்தி வேலையை நிறுத்தினால்கூடப் பரவாயில்லை, இப்படிக் குறுக்குவழியில் ஓடவிட்டுவிடுகிறது.

அந்த ஆங்கில வரி, எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் 8152ஆம் பிழை. நெடுங்காலம் வசை வாங்கியபின், 2019 பதிப்பில் அதன் இடத்துக்கு 2628 வந்தது. அட்டவணை, புலம், வெட்டுப்படும் பெறுமதி மூன்றையும் அது சொல்லும். மைஎஸ்கியூஎல்லின் 5.7க்கு முந்திய பதிப்புகளோ, இயல்பான அமைப்பில், மிச்சத்தை வெட்டிப்போட்டு வெறும் எச்சரிக்கையோடு பதிந்துவிடும். அதற்கு 8152 எவ்வளவோ மேல்.

புரோகிராமுக்குள் பிழையைப் பிடிப்பது கடினமில்லை. எஸ்கியூஎல் சேர்வரில் ட்ரை-கேட்ச் போட்டால் எரர்_நம்பர் இலக்கத்தையும் எரர்_மெசேஜ் வாக்கியத்தையும் தரும். ஒராக்கிளில் எஸ்கியூஎல்கோட், எஸ்கியூஎல்எர்எம். பலர் அந்த வாக்கியத்தை அப்படியே திரையில் கொட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பாவிப்பவருக்கு அது புரியாது. அட்டவணைப் பெயர்களைத் தேடும் திருடனுக்கோ நன்றாகவே புரியும். மூல வாக்கியம் பதிவுக் கோப்புக்குப் போகட்டும். திரைக்கு என்ன போவது என்பதை இலக்கம் தீர்மானிக்கட்டும். 2627 வந்தால், "இந்த அடையாள அட்டை இலக்கம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று காட்டலாம். ஒரே அட்டவணையில் இப்படிப் பல கட்டுப்பாடுகள் இருந்தால் இலக்கம் மட்டும் போதாது. போஸ்ட்கிரெஸ் மீறப்பட்ட கட்டுப்பாட்டின் பெயரையும் தனியே தருவதால், பொருள் விளங்கும் பெயராக வைத்தால் வேலை எளிது.

புத்தளம் கரையோரத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களே, அந்த வாக்கியங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். எழுதியதும் விசைப்பலகையில் உட்காரப்போகிறவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.