பரங்கிப்பேட்டையும் பினாங்கும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசிமகத் தீர்த்தவாரிக்காக, அதாவது உற்சவமூர்த்தியைக் கடலில் நீராட்டும் சடங்கிற்காக, கிள்ளைக்கு எழுந்தருளும்போது அவ்வூர்த் தர்காவின் சார்பில் இசுலாமியர் மரியாதை செய்வது இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். அவ்விடத்திற்கு வடக்கே வெள்ளாற்று முகத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டை, டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பண்டகசாலை வைத்துத் துணி ஏற்றிய துறைமுகமாகும்; அங்கிருந்து மரக்காயர் எனப்படும் தமிழ் முஸ்லிம் கப்பல் வணிகர், வங்காள விரிகுடாவைக் கடந்து அச்சே, கெடா ஆகிய துறைகளில் வாணிபம் செய்தனர். ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் 1781இல் போர் நடந்ததும் இவ்வூருக்கு அருகில்தான்.

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டு, சுங்கமற்ற துறைமுகமாக்கியபோது இவ்வணிகர்கள் அங்கே குடியேறினர். பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் அங்கே கப்பித்தானாக, அதாவது தம் சமூகத்தின் வழக்குகளைத் தீர்க்க அரசு ஏற்ற தலைவராக விளங்கினார். 1801இல் கம்பெனி அளித்த நிலத்தில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர் பெயரோடு இணைந்தது. மலாய்ப் பெண்களை மணந்த தமிழ் முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் ஜாவி பெரனாக்கான் எனப்பட்டனர். வசதியற்றவர்களோ காவடித்தண்டின் ஒருபுறம் சோற்றுக்கூடையும் மறுபுறம் குழம்புச்சட்டியுமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். மீன்குழம்பும் கறிக்குழம்பும் சோறு மூழ்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றப்படும் அந்த நாசி கண்டார், இன்று பினாங்கின் பொதுச்சொத்தாகிவிட்டது. தங்கள் கடையில்தான் தொடங்கியது என்று சண்டையிடுவோரும் உண்டு.

துறைமுகங்களின் ஏற்றத்தாழ்வைப் பெரும்பாலும் வேறெங்கோ இருப்பவர்களே தீர்மானிக்கின்றனர். பினாங்கை உள்ளடக்கிய ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகரம் 1832இல் சிங்கப்பூருக்கு மாறியது. மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைத்த சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின் நீராவிக்கப்பல்கள் பெருகி, வெள்ளீயமும் பின்னர் ரப்பரும் பினாங்கை மீண்டும் செழிக்க வைத்தன. சுங்கவிலக்கு 1969இல் நீக்கப்பட்டதும் மறு ஏற்றுமதியை நம்பிய கடைகள் நொடித்தன. பின்னர் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகள் வேலையளித்தனவாயினும், பழைய கடைத்தெருவின் வணிகத்தை அவை மீட்கவில்லை.

யுனெஸ்கோ 2008இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டிலேயே முடிவுக்கு வந்துவிட்டதால், குறைந்த வாடகையில் தலைமுறைகளாகக் கடையும் குடியிருப்பும் நடத்திய பலர் அதற்கு முன்பே வெளியேறியிருந்தனர். காக்கப்பட்டவை பெரும்பாலும் சுவர்களே.