ரோரோஸில் சுவரைத் துளைத்த நாள்

ரோரோஸ் ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு மூச்சை இழுத்ததுதான் தாமதம், மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து முடியெல்லாம் ஒட்டிக்கொண்டது. மைனஸ் 18 டிகிரி. “இண்டைக்குப் பரவாயில்லை அண்ணை” என்றார் அழைத்துப்போக வந்த நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர், பாதி வயதை நார்வேயில் கழித்தவர். 1914 ஜனவரியில் இந்த ஊரில் மைனஸ் 50.4 பதிவானதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

தெருவெல்லாம் பழைய மரவீடுகள், பூர்ச்ச மரம் எரியும் லேசான இனிப்பு வாசனை. 1644-இல் செம்புக்காகப் பிறந்த ஊர். சுரங்கத்தில் பாறைக்கு அடியில் விறகை அடுக்கிக் கொளுத்தி, சூட்டில் விரிசல் விழவைத்துத்தான் தாதுவை எடுத்திருக்கிறார்கள். உலைக்கும் கரி வேண்டும். சுற்றுவட்டாரக் காடுகளை இந்த ஊர் தின்றே தீர்த்திருக்கிறது. 1980-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

நண்பரின் வீடு ஊருக்கு வெளியே, புதிதாகக் கட்டியது. கதவைச் சாத்தியதும் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி. மூன்று அடுக்குக் கண்ணாடி ஜன்னல், சுவருக்குள் பிளாஸ்டிக் விரிப்பு. உள்காற்றை வெளியேற்றவும் வெளிக்காற்றைக் கொண்டுவரவும் ஓர் இயந்திரம். எங்கள் திருநெல்வேலி வீட்டில் ஓட்டு இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் காற்று புகுந்து விளையாடும். அடுப்புக்கு முன்னால் ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்த ஆச்சி, காற்று போதுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இங்கே அதுதான் கேள்வியே. வெப்பத்துக்கு மின்சாரம் இருக்கிறது, ஆனாலும் “கரண்ட் நிண்டா என்ன செய்யிறது?” என்று நண்பர் விறகடுப்பு வாங்கியிருந்தார். வார்ப்பிரும்பில் செய்த கறுப்பு யானைக்குட்டி! அதைத் தள்ளுவண்டியில் பெல்ட் போட்டுக் கட்டி, இரண்டு பேர் மூச்சுவாங்க உள்ளே கொண்டுவந்தார்கள். தரையில் கண்ணாடித் தகடு விரித்து அதன்மேல் நிறுத்தினார்கள். பொறி தெறித்தால் மரத்தரை பிழைக்க வேண்டுமே. அடுப்பைப் புகைபோக்கியோடு இணைத்ததும், பொருத்த வந்த இளைஞர் சமையலறை ஹூட்டை முழு வேகத்தில் போடச் சொன்னார். நண்பரின் அம்மா சாமித் தட்டிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வந்தார்.

அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து பத்தியைப் பிடித்தோம். புகை அடுப்புக்குள் போகும் என்று காத்திருந்தால், அது எங்கள் பக்கம் சாய்ந்து என் கண்ணில் ஏறியது! ஹூட் வீட்டுக் காற்றை இழுத்து வெளியே கொட்டுகிறது. இழந்ததை ஈடுகட்ட வேறு வழியில்லாத வீடு, புகைபோக்கி வழியாகவே வெளிக்காற்றைக் கீழே இறக்குகிறது. நண்பர் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தார். புகை சட்டென்று திரும்பி உள்ளே ஓடிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு கிலோ விறகு எரிய எட்டு, பத்துக் கன மீட்டர் காற்று வேண்டுமாம். இந்த டப்பா வீட்டில் அதற்கு எங்கே போவது?

அதற்காகத்தான் சுவரில் ஓட்டை. அடுப்புக்குப் பின்னால் வட்டமாக அறுத்து, பத்து சென்டிமீட்டர் குழாய் நுழைய வழி செய்தார் அந்த இளைஞர். அறுபட்டு வந்த துண்டில் பலகை, கம்பளி போன்ற காப்புப் பஞ்சு, பிளாஸ்டிக், மறுபடி பலகை என்று வீட்டின் குளிர்ச்சட்டை முழுதும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. துளையில் கண்ணை வைத்தேன்: அந்தப் பக்கம் பனி, இந்தப் பக்கம் என் கண்ணில் நீர். இவ்வளவு பாடுபட்டு அடைத்த வீட்டில் வேண்டுமென்றே ஓட்டை போடுகிறார்களே!

அறுத்த நேரத்தைவிட ஒட்டிய நேரம்தான் அதிகம். பிளாஸ்டிக் விரிப்பில் விட்ட இடைவெளியை, குழாயைச் சுற்றி டேப் போட்டு நகத்தால் தேய்த்துத் தேய்த்து மூடினார். வீட்டின் ஈரக்காற்று அந்த வழியே சுவருக்குள் புகுந்தால் மரம் உளுத்துவிடும். குழாய்க்கும் காப்புறை, இல்லாவிட்டால் குளிர்ந்த குழாய்மேல் நீர் முத்து முத்தாகக் கோத்துத் தரையில் சொட்டும். வெளிவாயைப் பனி மூடாத உயரத்தில் வைத்து, எலி நுழையாமல் வலையும் போட்டார். அடுப்பு அணைந்திருக்கும்போது காற்றை அடைக்க ஒரு தகடும் உண்டு.

பிறகு முதல் தீ. பெரிய கட்டைகள் அடியில், சிராய்கள் உச்சியில், கொளுத்துவது உச்சியில்! எனக்குத் தலைகீழாக இருந்தது. தீ மேலிருந்து இறங்க இறங்க, கீழ்க்கட்டையிலிருந்து கிளம்பும் வாயுவும் அந்தச் சுடரைக் கடக்கும்போதே எரிந்துவிடுகிறது. 1998-க்குப் பிறகு நார்வேயில் விற்கும் புது அடுப்புகள் புகையைக் குறைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எங்கள் அடுக்களைக் கரியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் புது அடுப்பின் பூச்சு சூடேறியதும் ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள்! “சன்னல் எல்லாத்தையும் திறவுங்கோ” என்று நண்பர் கத்த, மைனஸ் 18 டிகிரி நடுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது. முதல் தீ மூட்ட, கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நின்றோம்.

நாற்றம் அடங்கி ஜன்னலைச் சாத்திய பிறகு, அம்மா வாளைமீன் பொரித்தார். ஹூட் உறுமியது. அடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தீ சற்றும் அசையாமல் எரிந்தது. ஆர்வத்தில் கட்டை போட எழுந்து கதவுப் பிடியில் கைவைத்தேன்.

“தம்பி, பொறுங்கோ! உதைத் திறந்தா புகை முழுக்க இஞ்சைதான் வரும். மீன் பொரிஞ்சு முடியட்டும், ஹூட்டை நிப்பாட்டிறன்” என்றார் அம்மா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.