12 வாரத்துக்குள்

எஸ்போ, பின்லாந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா போனில் எல்லாம் சொன்னாள். சந்தோஷம். அதற்குள் தொட்டில் விலை விசாரித்துவிட்டாயாமே! பிறக்காத பிள்ளைக்குப் பொருள் வாங்கக்கூடாது என்று அம்மா கத்தினாளாம். சாஸ்திரமோ என்னவோ, உன் பர்ஸுக்கு நல்லது. பிறந்ததும் முதலில் வேண்டியது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி. அது அம்பத்தூர் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

இங்கே அரசாங்கமே ஒரு அட்டைப்பெட்டி தருகிறது. 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்கு என்று ஆரம்பித்தது, 1949 முதல் எல்லோருக்கும். உள்ளே துணிமணியும் மெத்தையும். அவற்றை எடுத்துவிட்டால் பெட்டியே படுக்கை. அதில் ஒரு சூட்சுமம்: நாலாம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்குப் போயிருந்தால்தான் பெட்டி. நம்மூர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியிலும் அதே சூட்சுமம்தான். 14,000 ரூபாய் ரொக்கம், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கான உதவி அது, உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தாலும், அங்கே பதியும்போது தரும் பிக்மி எண்ணைப் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

அடுத்தது உன் மனைவியின் வேலை. தொழிற்பேட்டையில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று முணுமுணுப்பாளே, அதற்குப் பலன் இப்போதுதான். 26 வாரத்துக்குச் சம்பளத்துக்கு ஈடாகப் பணம் வரும். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளாவது அவள் பெயரில் சந்தா கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வளைகாப்போடு வேலையை விடட்டும் என்று யாராவது ஆரம்பித்தால், ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்காமல் ராஜினாமா எழுதவிடாதே.

உன் கம்பெனி தனியார். அப்பா ஆகிறவனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. இங்கே அம்மாவுக்கு 160 நாள், அப்பாவுக்கும் 160 நாள் என்று சொல்லி உன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள விரும்பவில்லை. இருக்கிற லீவைச் சேர்த்து வை.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் யாராவது மகப்பேறு பாலிசி என்று வந்தால் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று கேள். பெரும்பாலும் வருஷக் கணக்கு. இந்தப் பிரசவத்துக்கு உதவாது. அதனால் சீட்டை ஏழாம் மாதத்துக்குள் எடுத்துவிடு, தள்ளுபடி கொஞ்சம் கூடப் போனாலும். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே. சிசேரியனுக்கு எவ்வளவு, குழந்தையை இன்குபேட்டரில் வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்றும் கேட்டு எழுதி வை. பூந்தமல்லியில் தாய் வீட்டில்தான் பிரசவம் என்றால், ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரி என்பதை உன் மாமியாரோடு இப்போதே பேசி முடி.

குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1-லிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பெயரை அப்புறம் சேர்க்கலாம். ஒரு வருஷம்வரை காசு கேட்க மாட்டார்கள். நம் அப்பாவும் உன் மாமனாரும் சண்டை போட்டு முடிக்க அது போதுமா என்பதுதான் என் கவலை.

அன்புடன்,
அக்கா