இரண்டு முயல்களும் ஒரு கோப்பையும்

2005 ஜூனில் ஹரியானாவின் ஜஜ்ஜர் பகுதியில் போலீஸ் ஒரு வண்டியைச் சோதித்தபோது, செத்த வெளிமான் ஒன்றும் முயல்கள் இரண்டும் கிடைத்தன. வழக்கில் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர் மன்சூர் அலி கான் பட்டோடி. 1962இல், 21 வயதிலேயே இந்திய டெஸ்ட் அணிக்குத் தலைமை ஏற்றவர். சில நாள் கண்ணில் படாமல் இருந்து, பிறகு சரணடைந்து, ஜாமீனில் வந்தார். வழக்கு நடந்துகொண்டிருந்த 2007இல்தான் இங்கிலாந்தில் நடக்கும் இந்தியா–இங்கிலாந்து டெஸ்ட் தொடரின் கோப்பைக்குப் பட்டோடி பெயர் வைத்தார்கள். 2011இல் தீர்ப்பு வருமுன்னே அவர் இறந்துபோனார். அவர் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். நான் கேட்பது, வழக்கு முடியும்வரைகூட அந்தக் கோப்பை ஏன் பொறுக்கவில்லை என்பதைத்தான்.

எங்கள் போடிநாயக்கனூர்த் தெருவிலும் ஒரு முயல் வழக்கு உண்டு. ஏலத்தோட்ட வேலைக்குப் போன இடத்தில் கண்ணி வைத்ததாக ஒருவர் வனத்துறையிடம் பிடிபட்டார். அபராதம் கட்டியதோடு வழக்கு முடிந்தது, பேச்சு முடியவில்லை. அது அவரைவிட அவர் மனைவியைத்தான் துரத்தியது. விடியலில் போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கு ஏறும் ஜீப்பில் அந்த அக்கா உட்கார்ந்தால், "முயல்கேசுக்காரன் பொண்டாட்டி வந்தாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். ஏலக்காய் எடுத்துத் திரும்பும் ஒரு சாயங்காலம், "நான் என்னக்கா செஞ்சேன்?" என்று என் அம்மாவிடம் கேட்டார். அம்மாவிடம் பதில் இல்லை.

அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக், நாய்ச்சண்டை நடத்திய வழக்கில் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2009இல் களம் திரும்பினார், 2010இல் சிறந்த மறுவரவுக்கான விருதும் வாங்கினார். விலங்குவதைக்கு எதிராகப் பிள்ளைகளிடம் போய்ப் பேசினார். அடித்துக் கொல்லப்பட்ட நாய்களின் சார்பில் அவரை மன்னிக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. இருந்தாலும் அவர் "நான் செய்தேன்" என்று சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார். செல்வாக்கு உள்ள இடத்தில் அந்த ஒரு வார்த்தைகூடத் தேவைப்படுவதில்லை.

இப்போது புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். எந்த உயிரையும் அவர் வதைக்கவில்லை. பாலினச் சோதனையில் தோற்றதாகச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2012இல் அவரும் சூளையில் தினக்கூலிக்கு நின்றார். அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்க 2016 ஆனது.

தவறியவர் திருந்தித் திரும்பி வரட்டும், கதவை அடைக்கச் சொல்லவில்லை. "என்ன செய்தாய்?" என்ற கேள்வியை நவாப் வீட்டு வாசலிலும் ஜீப்பில் கேட்ட அதே குரலில் கேட்க வேண்டும். சாந்திக்கு யாருடைய மன்னிப்பும் வேண்டாம். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.