ஒரே பெயர், ரெண்டு போன்

2012-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்3 ஞாபகம் இருக்கிறதா? கையில் வாங்கிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். உள்ளேதான் வேறு வேறு! பெரும்பாலான நாடுகளில் விற்ற ஐ9300 மாடலில் சாம்சங்கின் சொந்தத் தயாரிப்பான எக்ஸினோஸ் 4412 சிப், 1 ஜிபி ரேம். அமெரிக்காவில் விற்றதில் குவால்காமின் எம்எஸ்எம்8960, 2 ஜிபி ரேம். அந்தச் சிப்புக்குள்ளேயே எல்டிஇ மோடம் இருந்ததுதான் காரணம்.

ஐ9300-க்கு கம்பெனி தந்த அப்டேட் ஆண்ட்ராய்டு 4.3-உடன் நின்றுபோனது. அமெரிக்க மாடல்கள் சிலவற்றுக்கு 4.4 கிடைத்தது. "ரெண்டும் எஸ்3 தானே, அங்கிருந்து எடுத்து இங்கே போட்டால் என்ன?" என்று யாருக்கும் தோன்றும். போட்டால் போன் பூட் ஆகாது. சிக்கல் டிரைவரில் (கார் ஓட்டுபவர் இல்லை!).

டிரைவர் என்பது கெர்னலுக்கும் ஒரு பாகத்துக்கும் நடுவில் நிற்கும் நிரல். அதில் ரெண்டு பாதி உண்டு. போக்கல்டெக்கின் எஃப்டி5x06 என்ற டச் சிப்பை எடுத்துக்கொள்வோம். எத்தனை விரல், எந்த இடத்தில் என்று அதனிடம் கேட்டு வாங்குவது முதல் பாதி. எந்த போனில் இருந்தாலும் இது மாறாது. அந்தச் சிப் எந்த ஐ2சி லைனில் தொங்குகிறது, ரீசெட் பின் எது, எத்தனை வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் ரெண்டாம் பாதி. இது போர்டுக்கு போர்டு வேறு. நல்ல சமையற்காரர்தான், ஆனால் அடுத்த வீட்டு அடுப்படியில் உப்பு டப்பா எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பின் நம்பர் தப்பானால் டச் வேலை செய்யாது, அவ்வளவுதான். திருத்திவிட்டு மறுபடி ஃப்ளாஷ் செய்யலாம். சிப்பைத் திருப்பி வைத்து ஒட்டியிருந்தால் விரல் இடது பக்கம் போகும்போது கர்சர் வலது பக்கம் ஓடும், அது வேடிக்கை. வோல்டேஜ்தான் பயம். 1.8 கேட்கும் இடத்தில் 3 வோல்ட் கொடுத்தால் பாகம் எரிந்துபோகலாம். அதற்கு அன்டூ கிடையாது. வெறும் காப்பி-பேஸ்ட் வேலை என்று இதைக் கிண்டல் செய்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சில சமயம் பாகமே வேறு. ஐ9300-ல் ஒலிக்கு உல்ஃப்சன் சிப். அமெரிக்க மாடலில் குவால்காமின் சொந்த ஆடியோ சிப். அங்கே முதல் பாதியும் உதவாது.

அந்தக் காலத்தில் வயரிங் விவரமெல்லாம் சி நிரலுக்குள்ளேயே கிடந்தது. ஏஆர்எம் பக்கம் இப்படிக் குப்பை சேர்வதை 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் பகிரங்கமாகத் திட்டித் தீர்த்தார். பிறகுதான் அதைத் தனி ஃபைலில் எழுதும் டிவைஸ் ட்ரீ முறை ஏஆர்எம்மில் வேகம் பிடித்தது. 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7-ல் வெவ்வேறு கம்பெனிகளின் ஏஆர்எம் சிப்களுக்கு ஒரே கெர்னல் சாத்தியமானது. எஸ்3 வந்ததோ 3.0 கெர்னலுடன். பஸ்ஸைத் தவறவிட்ட கதை.

கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் சாம்சங் சோர்ஸைக் கொடுத்தது. ஆனால் ஐ9300-ன் மாலி-400 கிராபிக்ஸுக்கு வேண்டிய மேல்பாதி மூடிய பைனரியாகவே இருந்தது. அதற்கான திறந்த டிரைவர் 'லிமா' லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது 5.2-ல், அதாவது 2019-ல். போன் வந்து ஏழு வருடம் கழித்து!